பழைய நோட்டுச் சேகரிப்பு: மன்னர் தலையா, ஒரு ரூபாய்க் கையெழுத்தா, எண்ணா?

என் அண்ணன் மகன் இராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறான். பொங்கலுக்கு வேலூர் வந்திருந்தபோது என் ஆல்பங்களை ஒரு மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, மாசம் ஆயிரம் ரூபாய் என்னால ஒதுக்க முடியும். எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டான். அவனுக்கு அன்று நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக இந்தியப் பணத்தாள்களைச் சேர்த்து வருபவன் என்ற முறையில், அவனுக்குச் சொல்ல வேண்டியதை முழுமையாக இங்கே எழுதுகிறேன்.

புதிதாகத் தொடங்குபவருக்கு முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. ஆங்கிலேயர் காலத்து நோட்டுகளை, குறிப்பாக மன்னர் உருவம் பொறித்தவற்றை, ஒன்றிரண்டாக வாங்குவது முதல் வழி. விடுதலைக்குப் பின் வெளிவந்த ஒரு ரூபாய் நோட்டுகளை, அவற்றில் கையெழுத்திட்ட நிதித்துறைச் செயலாளர்களின் வரிசையில் சேர்ப்பது இரண்டாவது. புழக்கத்தில் இருக்கும் நோட்டுகளிலிருந்தே 786 என்று முடியும் எண், ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் எண், பிறந்த நாள் எண் போன்றவற்றைத் தேடி எடுப்பது மூன்றாவது. மூன்றும் மதிப்பிற்குரிய வழிகளே. ஆனால் மாதம் ஆயிரம் ரூபாயும், பழகாத கண்ணும் உடைய ஒருவருக்கு மூன்றும் சமமல்ல.

மன்னர் தலை நோட்டுகளின் கவர்ச்சி எனக்கு நன்றாகத் தெரியும். நானே அதில்தான் தொடங்கினேன். 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் நோட்டு வெளியிடும் உரிமையை அரசிடம் கொண்டுவந்தது. அதற்கு முன்பு சென்னை மாகாணத்தில் 'பாங்க் ஆஃப் மெட்ராஸ்' தன் நோட்டுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தது. சட்டம் வந்த பிறகும் நாடு முழுவதும் செல்லும் நோட்டு உடனே வந்துவிடவில்லை. நாடு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. சென்னை வட்டத்து நோட்டுக்குச் சென்னை வட்டத்தில்தான் உரிமையோடு பணம் கேட்க முடியும். வட ஆர்க்காடு மாவட்டத்து வணிகர் ஒருவரின் கையில் கல்கத்தா நோட்டு வந்து சேர்ந்தால், அதை மாற்றுவதற்கு அவர் பிறர் தயவை நாட வேண்டியிருந்தது. 1903 தொடங்கி 1911க்குள் ஐந்து, பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகள் படிப்படியாகப் பொது நோட்டுகள் ஆயின. சில வரிசைகளில் எந்த வட்டத்து நோட்டு என்பதை ஊர்ப் பெயரோ ஓர் ஆங்கில எழுத்தோ காட்டும், சென்னைக்கு 'எம்'. அப்படி ஒரு நோட்டைக் கையில் ஏந்தும்போது, இந்த ஊர்க் கடைவீதியில் அது புழங்கியிருக்கக்கூடும் என்ற நினைப்பு தரும் நெகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. நீண்ட தூரத்துக்குப் பணம் அனுப்பியோர் அந்தக் காலத்து நோட்டுகளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதல் தபாலிலும், அது போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகு மறு பாதியை அடுத்த தபாலிலும் அனுப்பினார்கள். அதனால் நடுவில் ஒட்டிய தழும்போடு கிடைக்கும் நோட்டை முதல் பார்வையிலேயே குறையுள்ளது என்று ஒதுக்கிவிடக் கூடாது. அந்தத் தழும்பும் அதன் வரலாறுதான்.

ஆனால் அந்த நோட்டுகளின் விலை மாதம் ஆயிரம் ரூபாய்க்காரருக்கு எட்டாது. எட்டும் விலையில் அவை கிடைத்தால், ஏன் கிடைக்கின்றன என்று ஐயப்பட வேண்டும். ஆகவே முதல் வழியில் உண்மையில் மிஞ்சுவது ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆறாம் ஜார்ஜ் நோட்டுகளே. 1935 ஏப்ரல் 1 அன்று செயல்படத் தொடங்கிய ரிசர்வ் வங்கி, தன் முதல் நோட்டான ஐந்து ரூபாயை 1938 ஜனவரியில்தான் வெளியிட்டது. எட்டாம் எட்வர்டு 1936 டிசம்பரில் முடி துறந்ததால் அவர் உருவத்தோடு திட்டமிட்ட நோட்டுகள் வெளிவராமலே போயின. முதல் ஆளுநர் ஆஸ்பர்ன் ஸ்மித் எந்த நோட்டிலும் கையெழுத்திடவில்லை. ஜே. பி. டெய்லர், அவருக்குப் பின் சி. டி. தேஷ்முக் என்று இருவரின் கையெழுத்து மட்டுமே இந்த வரிசையில் உண்டு. இரண்டு ரூபாய் நோட்டு 1943 மார்ச்சில் சேர்ந்தது. இரண்டு, ஐந்து, பத்து ரூபாய் நோட்டுகள் என்றால், தேய்ந்த நிலையிலாவது சில மாதச் சேமிப்பில் ஒன்றை வாங்கலாம்.

இங்கேதான் நான் இடறினேன். தொடங்கிய இரண்டாம் ஆண்டில், வெளியூர்க் கண்காட்சி ஒன்றில், டெய்லர் கையெழுத்திட்ட ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை 'புத்தம் புதியது' என்று சொல்லி ஒருவர் விற்றார். என் இரண்டு மாதச் சேமிப்பு அதில் போயிற்று. தாள் வெளுப்பாகவும் மொடமொடப்பாகவும் இருந்தது. நானும் மகிழ்ந்து வாங்கி வந்தேன். ஓராண்டு கழித்து, அனுபவமுள்ள நண்பர் ஒருவர் அதைப் புற ஊதா விளக்கின் அடியில் காட்டியபோது நோட்டு முழுவதும் நீல வெண்மையாக ஒளிர்ந்தது. பழைய நோட்டுத் தாள் அப்படி ஒளிராது. சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டும் பொருள்தான் அப்படி ஒளிரும். யாரோ அதைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்திருக்கிறார்கள். மடிப்பு இருந்த கோடுகளில் மை உதிர்ந்திருந்ததை, அன்றே ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தால் நான் கண்டிருப்பேன். எனக்கு அப்போது நல்ல நோட்டு எப்படி இருக்கும் என்றே தெரியாது. நூறு நல்ல நோட்டுகளைத் தொட்டவனின் விரலுக்குத்தான் நூற்றியோராவது நோட்டின் குறை தெரியும். ஆறாம் ஜார்ஜில் தொடங்குபவருக்கு அந்த நூறு நோட்டுகளுக்கு வழி இல்லை.

ஒரு ரூபாய் நோட்டு அந்த வழியைத் தருகிறது. இதை நான் முதன்மையாகப் பரிந்துரைப்பதற்கு மலிவு மட்டும் காரணமல்ல. நம் நாட்டு நோட்டுகளை இனம் காண்பதற்கு வேண்டிய பாடம் ஏறத்தாழ முழுவதும் இந்த ஒரே மதிப்பில் அடங்கியிருக்கிறது.

முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறியதால் வெள்ளி ரூபாய்க்கு மாற்றாக 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு பிறந்தது. ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி நாணயப் படம் அதில் இருந்தது. இருபத்தைந்து நோட்டுகள் சேர்த்துத் தைத்த சிறு புத்தகங்களாகவும் அது வழங்கப்பட்டது. 1926இல் நிறுத்தப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது 1940இல் திரும்பி வந்தது. விடுதலைக்குப் பின் 1949இல் அசோகரின் சிங்கத் தலையோடு வந்த முதல் நோட்டும் ஒரு ரூபாய்தான். மற்ற நோட்டுகளை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது, ஆளுநர் கையெழுத்திடுகிறார். ஒரு ரூபாயை மட்டும் இந்திய அரசு வெளியிடுகிறது, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்திடுகிறார். சட்டத்தின் பார்வையில் அது நாணயத்துக்கு இணையானது. ஆகவே 'கொண்டு வருபவருக்குத் தர உறுதியளிக்கிறேன்' என்ற வாசகம் அதில் இராது. பத்து ரூபாய் நோட்டையும் ஒரு ரூபாய் நோட்டையும் பக்கத்தில் வைத்து இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்பவர், யார் வெளியிட்டது என்ற முதல் கேள்விக்கு விடை காணப் பழகிவிடுகிறார்.

அடுத்தது ஆண்டு. ரிசர்வ் வங்கி நோட்டுகளில் 2005க்கு முன்பு அச்சான ஆண்டு கிடையாது. கையெழுத்தையும், எண் அச்சான இடத்தில் இருக்கும் சிறு ஆங்கில எழுத்தான உள்ளெழுத்தையும் வைத்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும். 1957 முதல் வந்த ஒரு ரூபாய் நோட்டுகளில் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கிறது. கையெழுத்தையும் ஆண்டையும் ஒருங்கே பார்த்து மனத்தில் பதிய வைத்துக்கொண்டால், ஆண்டு இல்லாத பத்து ரூபாயையும் நூறு ரூபாயையும் பிறகு எளிதாகக் காலப்படுத்தலாம். ஏனென்றால் பலரின் கையெழுத்து இரு இடங்களிலும் வருகிறது. மன்மோகன் சிங் 1976 முதல் 1980 வரை செயலாளராக ஒரு ரூபாயிலும், 1982 முதல் 1985 வரை ஆளுநராக மற்ற நோட்டுகளிலும் கையெழுத்திட்டார். எல். கே. ஜா, எஸ். ஜகந்நாதன், ஐ. ஜி. படேல், ஆர். என். மல்ஹோத்ரா, எஸ். வெங்கிட்டரமணன், பிமல் ஜலான், அண்மையில் சக்திகாந்த தாஸ் ஆகியோரும் அப்படியே. கே. ஜி. அம்பேகாவ்ங்கர் 1957இல் சில வாரங்கள் ஆளுநராக இருந்தும் அந்தப் பொறுப்பில் எந்த நோட்டிலும் கையெழுத்திடவில்லை. அவர் கையெழுத்து வேண்டுமென்றால் ஒரு ரூபாய் நோட்டைத்தான் தேட வேண்டும். கே. ஆர். கே. மேனன் தொடங்கி இன்று வரை இருபதுக்கும் மேற்பட்டோர் இந்த வரிசையில் இருக்கிறார்கள். 1969இல் காந்தி நூற்றாண்டு நினைவு நோட்டு, எண்பதுகளில் பின்புறத்தில் 'சாகர் சாம்ராட்' எண்ணெய்த் துரப்பண மேடை, 1994இல் நிறுத்தம், 2015இல் மறுபிறவி என்று வரலாறும் கூடவே வருகிறது.

வேலூர்ப் பக்கத்தில் வாழ்பவருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. நம் வீடுகளில் ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று மொய் வைக்கும் பழக்கம், ஒரு ரூபாய் நோட்டைக் கடைசி வரை பீரோவுக்குள் காப்பாற்றி வைத்தது. என் அத்தை வீட்டுப் பூசை அறையில் இலட்சுமி படத்துக்குப் பின்னால் இருந்த தகர டப்பாவில் பதினோரு ஒரு ரூபாய் நோட்டுகள் கிடைத்தன. மஞ்சளும் குங்குமமும் பட்டு அவற்றில் பாதி கறைபட்டிருந்தன. ஆனாலும் ஆறு கையெழுத்துகள் ஒரே நாளில் செலவின்றிச் சேர்ந்தன. குடியாத்தத்தில் லுங்கி நெய்த குடும்பங்களிலும், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் மண்டிக் குடும்பங்களிலும் பழைய கணக்குப் புத்தகங்களின் இடையில் நோட்டு மறந்துபோய்க் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். தலைமுறைகளாகப் படைக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் விசாரித்தால், இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஜப்பானியர் அச்சிட்ட நோட்டுகள் வரக்கூடும். அவை அளவின்றி அச்சிடப்பட்டவை என்பதால் விலை குறைவு. வரலாற்றுக்காக ஒன்று வைத்துக்கொள்ளலாம். அபூர்வம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேல்விஷாரம் பக்கத்தில் 1959ஆம் ஆண்டின் ஹஜ் நோட்டு ஒன்றாவது கண்ணில் படாதா என்று நான் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன். ஹஜ் பயணிகள் சவூதியில் மாற்றிக்கொள்வதற்காகப் பத்து, நூறு ரூபாய்களில் மட்டும் தனியாக வந்த நோட்டு அது. இன்னும் கிடைக்கவில்லை.

எண் சேகரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகமதிப்பிலேயே கிடைக்கிறது, பேருந்துச் சில்லறையிலும் உழவர் சந்தையிலும் தேடலாம், சிறுவர்களுக்குப் பேரார்வம் தரும். ஆனால் அந்த நோட்டின் மதிப்பு நோட்டில் இல்லை, எண்ணை விரும்புபவரின் மனத்தில் இருக்கிறது. 786 என்று முடியும் எண் ஆயிரத்துக்கு ஒன்று வந்தே தீரும். அதற்கு இலட்சம் ரூபாய் தருவதாக வரும் செய்திகளை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். தன் பெயரையும் சின்னத்தையும் காட்டி, பழைய நோட்டை வாங்க முன்பணம், வரி, கமிஷன் என்று கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. புழக்கத்திலிருந்து சேர்க்கத்தான் வேண்டும் என்றால், எண்ணைவிட நட்சத்திர நோட்டைத் தேடுவது நல்லது. அச்சில் பழுதான நோட்டுக்கு மாற்றாக, எண்ணுக்கு முன் நட்சத்திரக் குறியுடன் 2006 முதல் வருபவை அவை. அவற்றுக்கு ஒரு காரணமும் வரலாறும் உண்டு.

விலையின் கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் விற்றால் எது கூடுதலாகத் தரும் என்று கேட்டால், நல்ல நிலையில் உள்ள ஆங்கிலேயர் காலத்து நோட்டுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. எண்பதுகளின் ஒரு ரூபாய் நோட்டுகள் கட்டுக்கட்டாக இன்னும் பலரிடம் இருக்கின்றன. அவை விலையேறும் என்று நம்பிக் கட்டாக வாங்கி வைப்பது வீண். இந்த வரிசையில் தேட்டம் மிகுந்தவை 1949, 1950களின் நோட்டுகளே, குறிப்பாக மேனன் கையெழுத்து. ஆகவே பணம் பெருக வேண்டும் என்ற நோக்கத்தோடு வருபவருக்கு என் பரிந்துரை பொருந்தாது. அவர் சில ஆண்டுகள் பணத்தைச் சேர்த்து வைத்து, தரச்சான்று பெற்று உறையில் அடைத்த ஒரே நோட்டை வாங்குவது மேல். எழுபது புள்ளி அளவில் தரம் குறிக்கும் அந்த உறை, கண் பழகாதவருக்குக் காப்பு. ஒரு ரூபாய் நோட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை. பல நேரங்களில் நோட்டின் விலையைவிடச் சான்றின் கட்டணம் கூடிவிடும்.

நிலையைப் பார்க்கும்போது நம் நாட்டு வழக்கம் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கட்டுகளை இரும்புக் கம்பியால் பிணைக்கும் முறையை 2001 நவம்பரில்தான் ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொன்னது. அதற்கு முந்தைய இந்திய நோட்டில், புழங்காத புது நோட்டிலும்கூட, இடப்பக்கம் இரண்டு துளை இருப்பது இயல்பு. துளை இருக்கிறது என்பதற்காக நல்ல நோட்டை விட்டுவிட வேண்டாம். துளையைச் சுற்றித் துரு படர்ந்திருந்தால் மட்டும் ஒதுக்குங்கள்; ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது வளர்ந்து தாளைத் தின்னும். செல்லோடேப் ஒட்டியது, லேமினேஷன் செய்தது, ஓரம் வெட்டி நேராக்கியது ஆகிய மூன்றையும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வைப்பதற்குக் கடையில் கிடைக்கும் வழவழப்பான பிவிசி உறை வேண்டாம். வேலூர்ச் சித்திரை வெயிலில் அது பிசுபிசுத்து மையோடு ஒட்டிக்கொள்கிறது. பாலியஸ்டர் உறை சற்று விலை கூடுதல்தான், ஆனால் அதில் வைத்த என் நோட்டுகள் இருபது ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன. கறை பட்ட நோட்டைக் கழுவவே கூடாது. அத்தை வீட்டுக் குங்குமக் கறை இன்றும் என் ஆல்பத்தில் இருக்கிறது.

சட்டத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 1946இல் 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகளும், 1978இல் 1000, 5000, 10,000 ரூபாய் நோட்டுகளும் செல்லாதவை ஆயின. 1978இல் போன அந்த ஆயிரம் ரூபாயின் பின்புறத்தில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. அதை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது தமிழ்ச் சேகரிப்பாளர் பலரின் ஆசை. 2016இல் நிறுத்தப்பட்ட 500, 1000 நோட்டுகளுக்கு மட்டும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வரம்பை வைத்திருக்கிறது. பொதுவாகப் பத்து நோட்டுகள் வரையும், ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ இருபத்தைந்து நோட்டுகள் வரையும் வைத்திருக்கலாம். மீறினால் பத்தாயிரம் ரூபாய் அல்லது முகமதிப்பின் ஐந்து மடங்கு, இதில் எது கூடுதலோ அது அபராதம். மலிவாகக் கிடைக்கிறது என்று யாரும் கட்டாக வாங்கிவிடக் கூடாது.

எங்கே வாங்குவது என்ற கேள்வியில் வேலூர்க்காரருக்கு ஒரு குறையும் ஒரு நிறையும் உண்டு. இங்கே இதற்கென்று பெரிய சந்தை இல்லை. ஆனால் காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறு பக்கம் பெங்களூரு. இரண்டிலும் கண்காட்சிகள் நடக்கின்றன, காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம். இணையத்தில் படம் பார்த்து வாங்குவதைவிட, முதல் ஓராண்டாவது கண்காட்சியில் தொட்டுப் பார்த்து வாங்குவது பல மடங்கு மேல். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நீர்க்குறியைப் பார்க்கலாம், மடிப்பைச் சாய்த்துப் பார்க்கலாம், சட்டைப் பையில் சிறிய புற ஊதா விளக்கு ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். நல்ல வியாபாரி இவற்றுக்குத் தடை சொல்ல மாட்டார்.

ஆகவே என் அண்ணன் மகனுக்கு நான் சொல்வது இது. முதல் ஓராண்டு முழுவதும் ஒரு ரூபாய் நோட்டிலேயே இரு. வீட்டிலிருந்தும் உறவினரிடமிருந்தும் கிடைப்பவற்றை முதலில் எடு. விடுபட்ட கையெழுத்துகளை மட்டும் பணம் கொடுத்து வாங்கு. மாத ஒதுக்கீட்டில் பாதியைத் தொடாமல் வை. ஆண்டு முடிவில் அந்தப் பாதியும் பழகிய கண்ணும் உன்னிடம் இருக்கும். அப்போது தேஷ்முக் கையெழுத்திட்ட இரண்டு ரூபாயையோ ஐந்து ரூபாயையோ நாம் இருவரும் சேர்ந்து போய்த் தேர்ந்தெடுப்போம். எண் நோட்டுகளை உன் மகளுக்கு விட்டுவிடு, அவளுக்குப் பிறந்த தேதி வந்தால் போதும்.

சென்ற வாரம் அவன் தொலைபேசியில் அழைத்தான். பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து பூதலிங்கம் கையெழுத்திட்ட 1966ஆம் ஆண்டு நோட்டு ஒன்று கிடைத்திருக்கிறதாம். நான்காக மடித்தது, நடுவில் வெற்றிலைக் கறை, துளை இரண்டு, துரு இல்லை. கையெழுத்தையும் ஆண்டையும் அவனே படித்துச் சொன்னான்.